கிடைக்கோடு கடைசியில்

முறைப்பித்தர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று நீங்கள் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். நீச்சல் கற்றுக்கொள்ளப் போய், குளத்துப் படியில் உட்கார்ந்து மூச்சை இழுக்கும் முறை, விடும் முறை, ஈரத் துண்டைப் பிழியும் முறை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பழகி, தண்ணீரில் ஒரு கால்கூட நனையாமல் வீடு திரும்பி, "நீச்சல்ல என்ன இருக்கு, எல்லாம் மூச்சுலதான் இருக்கு" என்று சொல்கிறவர் இந்த இனம். கடிதத்தை மடிக்கிற மடிப்பில் குறை கண்டுபிடித்துவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மறந்துபோகிறவரும் இந்த இனமே. ஒரு காரியம் எதற்காக என்பது இவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. எப்படி என்பதுதான் முக்கியம். அதிலும், எது முதலில் எது அடுத்து என்பது உயிர்.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் இங்கே பிடித்து வைத்துக் காட்டப்போகிறேன். நம்மவர் என்றே அவரை வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே பனியனைத்தான் போட்டுக்கொள்கிறோம் என்பதோடு விட்டுவிடுங்கள்.

நம்மவருக்கு வேலை ஒரு கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில், பொதி கட்டும் பிரிவில். மேற்பார்வையாளர். டம்ளர், ஜாடி, கிண்ணம் எல்லாம் காகிதம் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி வண்டியேறும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவர் பொறுப்பு. பார்க்கவும் செய்தார், ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த மனிதர் சீன எழுத்து கற்றுக்கொள்ளக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் ஞான வேட்கை அல்ல. மகள்.

மகள், தன்னோடு வேலை பார்க்கும் ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். நம்மவர் எகிறினார். சாப்பாட்டு மேஜைக்கு வருவதை நிறுத்தினார், தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார், கதவைச் சாத்தினார். "எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார். மகள் சண்டை போட்டிருந்தால் அவரும் சளைக்காமல் போட்டிருப்பார். அவள் போடவில்லை. அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். குடை எங்கே, வர நேரமாகுமா, டீ போடட்டுமா, ஒன்றும் கிடையாது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒருநாள் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் போய் நின்று, "அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அவள் அழுதாள். அவரும் அழுதார் என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை, ஜலதோஷம் என்கிறார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர் எகிறிய செய்தி அதற்குள் பையனுடைய அப்பாவின் காதுக்குப் போயிருந்தது. அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் நம்மவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அவர் ஒரே வார்த்தையில் முடிவு சொல்லிவிட்டார். பெண்ணைப் பெற்றவர் மனதார ஒத்துக்கொண்டார் என்று தனக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தால் அது பிள்ளைகளின் பதில். அவரே நேரில், தன் கையால் சொல்ல வேண்டும். அதுவரை கல்யாணத் தேதி கிடையாது.

"ஒரே ஒரு எழுத்துப்பா. நல்லது, சரின்னு அர்த்தம். அதை எழுதிக் காட்டினாப் போதும்" என்றாள் மகள்.

"ஒரு எழுத்து மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனா மரியாதையா இருக்குமா? முறையாக் கத்துக்கறேன்."

முறையாக. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆளைத் தெரியும்.

மாலை வகுப்பில் சேர்ந்தார். சேருவதற்கு முன்பே கட்டம் போட்ட தாள், மெல்லிய முனைப் பேனா, தடித்த முனைப் பேனா, பேனாவைப் படுக்கவைக்க ஒரு சின்ன மரக்கட்டை எல்லாம் வாங்கியாகிவிட்டது. முதல்நாளே டீச்சர் ஓர் உண்மையைச் சொன்னார். இந்த எழுத்துகளை இஷ்டத்துக்கு இழுக்கக்கூடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் முறை உண்டு. மேலே முதலில், கீழே பிறகு. இடது முதலில், வலது பிறகு. கிடைக்கோடும் நெடுக்கோடும் வெட்டிக்கொண்டால் கிடைக்கோடு முதலில். பெட்டி போன்ற எழுத்தானால் சுவரைக் கட்டு, உள்ளே இருப்பதை எழுது, கடைசியில் அடியை மூடு. அப்புறம் இந்த விதிகளுக்கெல்லாம் விலக்குகள்.

விதி, விதிக்கு விலக்கு. நம்மவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பது வருஷமாக நாம் தேடிக்கொண்டிருந்தது இங்கேயல்லவா இருக்கிறது என்று தோன்றியது. மற்றவர்கள் எழுத்துக்கு என்ன பொருள் என்று குறித்துக்கொண்டிருக்க, இவர் கோட்டுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பிலேயே அவர் எழுத்துதான் அழகு. டீச்சர் ஒருநாள் அவர் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கார் பாருங்க. சார், இது என்ன எழுத்துன்னு சொல்லுங்க?"

"எட்டுக் கோடு டீச்சர். அடிக்கோடு கடைசியில."

"எத்தனை கோடுன்னு கேக்கல. என்ன அர்த்தம்?"

நம்மவர் தாளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அதை வீட்ல போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். நாடு என்று பொருள். ஒரு நாட்டையே நாற்பது தடவை எழுதிவிட்டு அது என்னவென்று தெரியாமல் இருந்தவர் நம்மவர்.

இத்தோடு நின்றிருந்தால் அவரை நான் உங்கள் முன் நிறுத்தியிருக்க மாட்டேன். முறைப்பித்தருக்கு ஒரு முறை கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தொழிற்சாலையில், பெட்டியின் மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், குறுக்கே முதலில், நெடுக்கே பிறகு என்று கற்றுக்கொடுத்தார். அவள் டேப்பைக் கீழே வைத்தாள்.

"சார், எப்படி ஒட்டினாலும் உள்ள இருக்கறது டம்ளர்தானே?"

"டம்ளர்தான். ஆனா..."

அவர் நகர்ந்ததும் நெடுக்கே முதலில் ஒட்டினாள். வீட்டிலோ, படுக்கை விரிப்பை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் தட்டினார். மனைவி காய்கறி வாங்க ஒரு துண்டுச்சீட்டு எழுதினால் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, கொம்பை முன்னாலேயே போட்டுவிட்டாயே, எழுத்தை அல்லவா முதலில் போடவேண்டும் என்றார்.

"நான் எழுதியிருக்கறது வெங்காயம்னு தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"அப்ப போய் வாங்கிட்டு வாங்க."

கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை ஒன்று அவர் போகும் வழியில் இருந்தது. கடைக்கார அம்மாள் சீனத்தி. அந்த எழுத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். சரிசெய்த கடிகாரத்தை வாங்கப் போன நம்மவர், அவர் ரசீது எழுதும்போது மேஜைமேல் ஏறக்குறைய படுத்துக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா வந்தாரா? "நீங்க மூணாவது கோட்டை ரெண்டாவதாப் போடறீங்க" என்றார். அந்த அம்மாள் பேனாவை அவர் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே எழுதுங்க" என்றார். எழுதினார், ஐயா. பின்னால் மூன்று பேர் காத்திருக்க, ஒருவர் பெருமூச்சு விட, இன்னொருவர் வேறு கடை பார்த்துக்கொண்டு போய்விட, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு தன் ரசீதைத் தானே எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சீனருக்கே சீனம் சொல்லிக்கொடுத்துவிட்டோம். கடிகாரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது இரண்டு தெரு தாண்டியதும்தான் நினைவுக்கு வந்தது.

வகுப்பில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆனபிறகு பையனுடைய அப்பா வருகிற நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குப் பிறகு. மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அப்பா, அவர் ஒரு கேள்வி எழுதுவார். படிங்க. சரின்னு எழுதுங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. அதான் பயமா இருக்கு."

பெரியவர் வந்தார். உயரமான மனிதர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். முதுகு வளையாமல் உட்கார்ந்தார். பேசி வைத்தபடியே மகளும் பையனும் பூங்காப் பக்கம் நடக்கப் போனார்கள். போகும்போது மகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மேஜைமேல் நம்மவர் முன்கூட்டியே வைத்த வெள்ளைத் தாள்கள், பேனாக்கள், அந்த மரக்கட்டை. இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் மறுபடி சிரித்தார்கள். வேறு என்ன செய்வது?

பெரியவர் பேனாவை எடுத்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். உங்கள் மகள் என் மகனை மணந்துகொள்வதில் உங்களுக்குச் சம்மதமா? இதுதான் கேள்வி. பல இரவு யோசித்து, சுருக்கமாக, மரியாதையாக, எளிய எழுத்துகளாகப் பொறுக்கி எடுத்து, அந்த மனிதர் மனதில் சுமந்துகொண்டு வந்த கேள்வி. நம்மவர் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதை? கையை.

மகள் என்ற சொல்லில் முதலில் வருவது பெண் என்ற எழுத்து. மூன்றே கோடு. மடங்கி இறங்கும் கோடு ஒன்று, சாய்ந்து இறங்கும் கோடு ஒன்று, கடைசியில் குறுக்கே ஒரு கிடைக்கோடு. கிடைக்கோடு முதலில் என்ற பொதுவிதிக்கு இது விலக்கு. அதனாலேயே நம்மவருக்கு இது செல்ல எழுத்து. பெரியவர் கிடைக்கோட்டை முதலில் இழுத்தார்.

நம்மவருக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். மகள் சொன்னது நினைவில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மணப்பது என்ற எழுத்திலும் இடது பக்கத்தில் அதே பெண் வந்தாள். பெரியவர் அங்கேயும் கிடைக்கோட்டை முதலில் இழுத்தார். இரண்டு தடவை. ஒரு மனிதனால் எவ்வளவுதான் பொறுக்க முடியும்?

பெரியவர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். நம்மவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். லேசாக அல்ல, காதே ஆடுகிற ஆட்டம். கையையும் சேர்த்து வீசினார். பேனாவை வாங்கி, கேள்வியில் இருந்த பெண்ணின்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், தன் வாழ்நாளிலேயே அழகான ஒரு பெண் என்ற எழுத்தை, நிறுத்தி நிதானமாக, கிடைக்கோடு கடைசியில் என்று பேனாவைத் தூக்கிக் காட்டி எழுதினார். எழுதிவிட்டு, பார்த்தீர்களா என்று நிமிர்ந்தார்.

பெரியவர் பார்த்தார். கேட்ட கேள்விக்குத் தலையாட்டல், கையாட்டல். மகள் என்ற சொல்லின்மேல் அடி. அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து, நெஞ்சில் கைவைத்துச் சின்னதாகத் தலை குனிந்தார். வாசலுக்குப் போய்க் காலணியைக் கையில் எடுத்தார்.

"அதுக்குள்ள எங்க? டீ குடிச்சிட்டுப் போங்க" என்று தமிழில் உபசரித்தார் நம்மவர். மாணவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறார் என்று அவருக்கு எண்ணம். கதவு சாத்திய சத்தம் கேட்டு மனைவி தட்டோடு வந்தாள்.

"ஏன் போறார்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒரு எழுத்து தப்பா எழுதினார். சொல்லிக்கொடுத்தேன்."

"அவர் என்ன கேட்டார்?"

நம்மவர் தாளை எடுத்தார். அப்போதுதான், முதல்முறையாக, அதைப் படித்தார். உங்கள். மகள். இங்கே அடித்தல். என் மகன். சம்மதமா.

"ஐயோ, என் பொண்ணை அடிச்சிட்டேனே" என்றார்.

லிப்ட் வரவில்லை. படியில் இறங்கினார், மேலிருந்து கீழ் என்ற விதியை அன்றைக்கு ஒரு காரணத்தோடு கடைப்பிடித்தார். செருப்பு இல்லை, பேனா இல்லை, தாள் இல்லை. பெரியவர் தன் பழைய காரின் பக்கத்தில் நின்று சட்டைப்பையில் சாவி தேடிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்த கைக்குட்டை இன்னொரு கையில் இருந்தது. நம்மவர் அதைப் பார்த்தார். தனக்கு வந்த அதே ஜலதோஷம். இந்த மனிதனும் ஒரு பிள்ளையைப் பெற்றவன், அந்தப் பிள்ளைக்காக யாரோ ஒருவன் வீட்டுக்கு வந்து கேட்டவன், நான் அவனுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தேன் என்று நினைத்தார். ஓடிப்போய்க் கார் கதவுக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. மூச்சு விடும் முறை எதுவும் உதவிக்கு வரவில்லை.

காரின் பின்கண்ணாடி முழுக்கத் தூசு. அதில் விரலை வைத்தார். நல்லது, சரி என்ற எழுத்து. பெண் ஒன்று, பக்கத்தில் பிள்ளை ஒன்று, சேர்த்தால் நல்லது. பயத்தில், அவசரத்தில், முதலில் சட்டென்று ஒரு கிடைக்கோட்டை இழுத்தார். பிறகு மற்றதெல்லாம் அதன்மேல் எப்படியோ வந்து விழுந்தன. எழுத்தென்று சொல்ல முடியாது. கோழி நடந்த இடம் என்றால் பொருந்தும். எழுதிவிட்டுத் திரும்பினார்.

பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

போச்சு. எல்லாம் போச்சு. மகளின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நம்மவர் அந்தக் காரின்மேல் சாய்ந்துவிட்டார். பெரியவர் அவரை மெல்ல நகர்த்தினார். கைக்குட்டையால் அந்தப் பெண்ணை மட்டும் துடைத்தார். விரலால் மடங்கும் கோடு ஒன்று போட்டார், சாயும் கோடு ஒன்று போட்டார், விரலை உயரத் தூக்கி நம்மவர் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, கடைசியாகக் குறுக்கே இழுத்தார். சற்று முன் மாடியில் தலையாட்டல் எதற்கு நடந்தது என்று, தன்னைப்போலவே அவரும் தப்பாக எழுதியதைப் பார்த்ததும் அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்கிற சிரிப்பு. நம்மவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல், ஜலதோஷம் என்று சொல்லாமல் அழுதார்.

மகளும் பையனும் பூங்காவிலிருந்து வந்தபோது இரண்டு அப்பாக்களும் காரின் முன்கண்ணாடிக்கு வந்திருந்தார்கள். பின்கண்ணாடியில் இடம் தீர்ந்துவிட்டது. சர்ச்சை இப்போது வேறோர் எழுத்தைப் பற்றி. புள்ளி முதலிலா கடைசியிலா என்று. பெரியவர் துடைப்பார், நம்மவர் எழுதுவார், நம்மவர் துடைப்பார், பெரியவர் எழுதுவார்.

"அப்பா, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"பேசிட்டிருக்கோம். தொந்தரவு பண்ணாதே."

கல்யாணத் தேதியை மனைவியும் மகளும் பையனும் மாடியில் ஆறிப்போன டீயைச் சுடவைத்துக் குடித்தபடி முடிவு செய்தார்கள். சம்பந்திகள் இருவருக்கும் அது மறுநாள் தெரிவிக்கப்பட்டது. இரண்டு பேரும் ஆட்சேபிக்கவில்லை. தேதியை இவர்களைக் கேட்காமல் வைத்தது முறையா என்று மட்டும் நம்மவர் கேட்டார்.

ஆக, இந்த இனத்தைக் கண்டால் எட்ட நிற்கவும் என்று உங்களை எச்சரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மேலே போய்ப் பார்க்கக்கூடாது. பெரியவர் தாளில் எழுதிய கேள்வியை, வார்த்தை பிசகாமல், இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். தடுமாறுகிறதா? பரவாயில்லை. பெண் என்ற எழுத்தில் கிடைக்கோடு எப்போது வரும்? பார்த்தீர்களா, சட்டென்று வந்துவிட்டது. வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். பனியன் இன்னும் ஒருவருக்குப் போதும்.